அப்லேஷனுக்குப் பின் 17ஆம் நாள்: எந்தப் பயத்துக்கு எத்தனை நாள் ஆயுள்?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறுக்காக இதயத்தின் இடது மேலறையில் ரேடியோ அதிர்வலை முறையில் அப்லேஷன், அதாவது கோளாறான துடிப்பைத் தடுக்கத் திசுவைச் சுடும் சிகிச்சை, செய்துகொண்டு 17 நாட்கள் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் படுத்ததும் துடிப்பு தப்பித் தப்பி விழுகிறது. ஒரு நாள் அரை மணி நேரம் பழையபடியே தாறுமாறாக ஓடிவிட்டு நின்றது. முதல் வாரத்தில் மூச்சை இழுத்தால் நெஞ்சு வலித்தது. தொடையில் இரத்தம் கட்டிய நிறம் முழங்கால் வரை இறங்கியிருக்கிறது. இவை எல்லாவற்றையும் விட, உணவுக்குழாயில் துளை விழும் ஓர் அபூர்வச் சிக்கலைப் பற்றிப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு வாய் உணவையும் விழுங்கும்போது வலிக்கிறதா என்று கவனித்துக்கொண்டே சாப்பிடுகிறீர்கள். சிகிச்சை தோற்றுவிட்டதா, அந்தத் துளை எனக்கும் விழுமா, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

அபூர்வம் என்று ஒருவர் சொல்வதால் பயம் குறைவதில்லை என்பது இத்தகைய நோயாளிகளோடு பேசிய அனுபவத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். பத்தாயிரம் பேரில் சிலர் என்றால், அந்தச் சிலரில் நான் ஏன் இருக்கக்கூடாது என்றுதான் மனம் கேட்கும்; அந்தக் கேள்விக்குச் சதவீதத்தில் பதில் இல்லை. ஆனால் இந்தச் சிக்கல்கள் ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் காலமும் முடியும் காலமும் உண்டு, தனக்கென்று ஓர் அடையாளமும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் எதை, எந்த வாரம் வரை, எப்படிக் கவனிப்பது என்று முடிவுசெய்துவிடலாம். இப்போது நீங்கள் எல்லாவற்றையும் எல்லா நேரமும் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் உறக்கம் வருவதில்லை.

முதலில் உள்ளே நடந்தது என்னவென்று பார்ப்போம். இந்தக் கோளாறைக் கிளப்பிவிடும் தறிகெட்ட துடிப்புகளில் பெரும்பாலானவை நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகளின் வாயிலிருந்தே புறப்படுகின்றன என்பதை பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேரும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, மின்சாரம் கடக்க முடியாத வடு வளையம் ஒன்றை உண்டாக்குவதுதான் உங்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை வலது மேலறைக்குக் கொண்டுபோய், இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள தடுப்பில் ஒரு சிறு துளையிட்டு இடது பக்கம் சென்றிருப்பார்கள். ஆக, உங்கள் உடலில் இப்போது ஆறிக்கொண்டிருக்கும் இடங்கள் மூன்று: தொடையில் குத்திய இடம், தடுப்பில் இட்ட துளை, சுட்ட வளையம். உங்களுக்கு இப்போது தோன்றும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வருபவை.

தொடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஆறும் காயம் என்பதால் தோலுக்கடியில் கசிந்த இரத்தம் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டுக் கீழே இறங்கும். நீலமாக இருந்தது பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரங்களில் மறையும். முழங்கால் வரை நிறம் இறங்குவது பார்க்கப் பயங்கரமாக இருக்குமே தவிர, இரத்தக்கசிவு பெருகுகிறது என்று அதற்குப் பொருளில்லை. பட்டாணி அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுவதும் சாதாரணம். அந்தக் கட்டி நாளுக்கு நாள் பெரிதானாலோ, விரல் வைத்தால் நாடிபோலத் துடித்தாலோ, கால் குளிர்ந்து மரத்துப்போனாலோ அன்றே காட்ட வேண்டும்; பக்கத்துத் தமனியில் காயம் பட்டிருக்கிறதா என்பது ஒரு டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். திடீரென்று இரத்தம் கொட்டினால் மல்லாந்து படுத்து, அந்த இடத்தைப் பத்து நிமிடம் கையெடுக்காமல் அழுத்திப் பிடித்து, உதவிக்கு ஆளை அழைக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சை இழுக்கும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் கூடி, எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைந்ததென்றால், அது இதய உறையில் ஏற்பட்ட அழற்சியின் வலி. உங்களுக்கு முதல் வாரத்தோடு அது ஓய்ந்துவிட்டது. மீண்டும் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் கிடைக்கும் வலி மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், ஏனென்றால் ஐபுப்ரோஃபென் போன்றவை உறைதடுப்பு மருந்தோடு சேரும்போது வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. சிகிச்சை தோற்றுவிட்டதா என்பதை 17ஆம் நாளில் யாராலும் சொல்ல முடியாது. சுட்ட இடம் அன்றே வடுவாகிவிடுவதில்லை. முதலில் வீங்குகிறது, அழற்சி அடைகிறது, அதன் ஓரங்களில் உள்ள திசுக்கள் சில வாரங்களுக்கு எரிச்சலோடு இருக்கின்றன. அந்த எரிச்சலே கூடுதல் துடிப்புகளையும், சில சமயம் பழைய கோளாற்றின் ஓட்டங்களையும் கிளப்பிவிடும். அதனால்தான் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் வருபவற்றைத் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்ற வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 2024இல் வெளிவந்த பன்னாட்டு வல்லுநர் உடன்பாட்டில் அந்தக் காலத்தை எட்டு வாரமாகச் சுருக்கியிருக்கிறார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: தொடக்க வாரங்களில் ஓட்டம் வந்தவர்களுக்குப் பின்னாளிலும் வரும் வாய்ப்பு, எதுவுமே வராதவர்களைவிட அதிகம். ஆயினும் அவர்களிலும் கணிசமானோர் எட்டு வாரம் கடந்தபின் அமைதியாகிவிடுகிறார்கள். அரை மணி நேரம் ஓடித் தானாக நின்ற ஓட்டத்தை நாள், நேரம், கால அளவோடு ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த பரிசோதனையில் காட்டினால் போதும். ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 120ஐத் தாண்டிப் பல மணி நேரம் நீடித்தால் அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். அந்த ஓட்டம் ஒழுங்காக, கடிகாரம் அடித்ததுபோல இருந்தாலும் இதுதான் விதி. சுட்ட வடுக்களைச் சுற்றி வேறு வகைத் துடிப்போட்டம் உருவாவதும் உண்டு. மயக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிராமல் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தாமதமாக இதய உறைக்குள் இரத்தம் சேர்வது அபூர்வமே என்றாலும், எக்கோ பார்க்கும் வரை அதை விலக்க முடியாது.

நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனாலும் கைக்கடிகாரத்தில் பார்த்துவிட்டுப் பலர் பதறும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஓய்வில் 60 ஆக இருந்த துடிப்பு இப்போது 75 என்று காட்டக்கூடும். மேலறையின் வெளிப்புறத்தில், நுரையீரல் சிரைகளுக்கு அருகில், இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. சுடும்போது அவற்றிலும் சூடு படுவதால் கடிவாளம் சற்றுத் தளர்கிறது. மாதக்கணக்கில் இப்படி இருக்கலாம். இதயம் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை.

உணவுக்குழாய்த் துளை பற்றிப் பேசுமுன் உறைதடுப்பு மருந்தைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் நிகழ்தகவில் துளையைவிட அருகில் நிற்பது பக்கவாதம். சுட்ட பரப்பு உட்புறத்தில் சொரசொரப்பான புண்ணாக இருக்கும் வரை அதன்மேல் இரத்தம் உறைந்து ஒட்டும். அங்கிருந்து பிய்ந்துபோகும் துணுக்கு மூளைக்குச் செல்லும். ஆகவே துடிப்பு சீராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைந்தது இரண்டு மாதங்களுக்கு வார்ஃபரினோ அபிக்ஸாபானோ ரிவராக்ஸாபானோ எது எழுதிக் கொடுக்கப்பட்டதோ அது நிற்கக்கூடாது. ஐரோப்பிய வழிகாட்டுதல் இரண்டு மாதம் என்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் மூன்று மாதம் என்கிறது. அதற்குப் பிறகும் தொடர வேண்டுமா என்பதை வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவுசெய்வார்கள். துடிப்பு நன்றாக இருக்கிறதே என்ற நிம்மதி அந்தக் கணக்கில் சேராது. தொடையில் நிறம் மாறியதைப் பார்த்துப் பயந்து தாமாகவே இரண்டு வேளை மாத்திரையை விட்டுவிடுவோர் உண்டு. அபூர்வச் சிக்கலை எண்ணி நடுங்கிக்கொண்டே, அதைவிட நெருங்கிய ஆபத்துக்குக் கதவைத் திறந்துவிடுவதென்றால் இதுதான்.

இப்போது நீங்கள் உறங்காமல் எண்ணிக்கொண்டிருக்கும் அந்தத் துளை. இடது மேலறையின் பின்சுவர் சில மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ளது. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் உணவுக்குழாய் இறங்குகிறது. பின்சுவரைச் சுடும் வெப்பம் சில சமயம் அங்கும் எட்டிவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் அந்த இடத்தில் சூட்டின் ஆற்றலைக் குறைக்கிறார்கள், உணவுக்குழாய்க்குள் வெப்பமானி வைக்கிறார்கள், பிறகு சில வாரங்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தருகிறார்கள். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் சிலருக்கு உள்ளே சிறு புண்கள் தென்படும். அவற்றில் பெரும்பாலானவை தாமாக ஆறிவிடும். மிக மிகச் சிலருக்கு மட்டும் புண் ஆறாமல் ஆழமாகி, இரண்டு மூன்று வாரங்களில் சுவரைக் கடந்து மேலறையைத் தொட்டுவிடுகிறது. அப்போது உணவுக்குழாயிலிருந்து கிருமியும் காற்றும் இரத்தத்துக்குள் போகின்றன. கிருமியால் காய்ச்சல் வருகிறது, காற்றுக் குமிழிகளாலும் துணுக்குகளாலும் மூளை பாதிக்கப்படுகிறது.

2023இல் வெளிவந்த பாட்டர்-ஏஎஃப் என்னும் ஆய்வு 35 நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளின் விவரங்களைத் திரட்டியது. துளை ஏற்பட்டவர்கள் 138 பேர், அதாவது 0.025 சதவீதம். உங்களுக்குச் செய்த ரேடியோ அதிர்வலை முறையில் 0.038 சதவீதம், உறையவைக்கும் பலூன் முறையில் 0.0015 சதவீதம். அறிகுறி தோன்றிய நாளின் இடைநிலை அளவு 18; இரண்டு மாதங்களுக்குப் பின் புதிதாகத் தோன்றியதாக அந்த ஆய்வில் இல்லை. வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் இறந்தார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த எண்ணிக்கையை எங்கோ படித்துவிட்டுத்தான் நீங்கள் கலங்கியிருப்பீர்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள்: அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பி வழிச் சிகிச்சையோ பெற்றவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பிழைத்தார்கள், எதுவும் செய்யப்படாதவர்களில் பிழைத்தவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். விரைவாகக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

எதைக் கொண்டு கண்டுபிடிப்பது என்பதில்தான் நீங்கள் காவல் நிற்கும் வாசல் தவறானது. அந்த 138 பேரிடம் மிகுதியாகக் காணப்பட்ட அறிகுறி காய்ச்சல். விழுங்கும்போது வலி எல்லோருக்கும் இருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு வாய் உணவையும் பரிசோதித்துக்கொண்டு உண்பதால் உங்களுக்குக் காவல் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, பயத்தில் தொண்டைத் தசைகள் இறுகி, உண்மையிலேயே விழுங்க முடியாததுபோல ஓர் உணர்வும் உண்டாகும். சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் தொண்டை கரகரத்திருந்தால், அது மயக்க மருந்துக்கும் பரிசோதனைக்கும் உள்ளே விட்ட குழாய்களால் வந்தது. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இனிமேல் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு வெப்பமானியை வாங்கி வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், உடல் வெப்பத்தை அளந்து எழுதுவது மட்டுமே. இடையில் குளிர் நடுக்கமோ உடல் கொதிப்போ தோன்றினால் அப்போதும் அளக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பாராசிட்டமால் சாப்பிடுவதானால் அளந்த பிறகு சாப்பிடுங்கள், இல்லையேல் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். இதை அப்லேஷன் முடிந்த நாளிலிருந்து இரண்டு மாதம் வரை செய்துவிட்டு, வெப்பமானியை எடுத்து வைத்துவிடலாம்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், குளிர் நடுக்கம், புதிதாக எழுந்த கடுமையான நெஞ்சு வலி, விழுங்கும்போது நெஞ்சின் நடுவில் வலி, இரத்த வாந்தி, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்கு வேறு நூறு காரணங்கள் இருக்கலாம். சளிக் காய்ச்சலாகவே முடியலாம். ஆனால் முதல் இரண்டு மாதங்களில் வரும் காய்ச்சலை வீட்டிலிருந்தபடியே சளி என்று முடிவுசெய்யும் உரிமை உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் இடத்தில் உங்களைப் பார்க்கும் மருத்துவர் இந்தச் சிக்கலைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்காமல் இருக்கக்கூடும். அது அவர் குற்றமில்லை. மூன்று வாரத்துக்கு முன் தொடை வழியாக நடந்த ஒரு சிகிச்சையையும் இன்றைய காய்ச்சலையும் நோயாளி தாமாகச் சேர்த்துச் சொல்லாவிட்டால், அவரும் தொண்டையைப் பார்த்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். விழுங்க வலிக்கிறது என்று மட்டும் சொன்னாலோ எண்டோஸ்கோப்பிக்கு எழுதிவிடலாம். எண்டோஸ்கோப்பியின்போது உள்ளே செலுத்தப்படும் காற்று, துளை இருந்தால் அதன் வழியாக மேலறைக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும். ஆகவே இந்த வரிகளை ஒரு தாளில் எழுதி மடித்துப் பணப்பையில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கும் காட்டி வையுங்கள்:

“ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக இடது மேலறையில் அப்லேஷன் செய்யப்பட்டுள்ளது. செய்த நாள் இது. உறைதடுப்பு மருந்து சாப்பிடுகிறேன். காய்ச்சல், நெஞ்சு வலி, விழுங்கும் வலி அல்லது நரம்பு மண்டல அறிகுறி இருந்தால் உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் இடையே துளை இருக்கக்கூடும் என்று எண்ணி முதலில் மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்கவும், அதற்கு முன் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டாம். சிகிச்சை செய்த மருத்துவமனையின் எண் இது.”

முதல் சி.டி.யில் ஒன்றும் தெரியாமல், அறிகுறிகள் மட்டும் தொடர்ந்தால், ஸ்கேனைத் திரும்ப எடுப்பதும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

மற்ற அபூர்வச் சிக்கல்களை விரைவாகச் சொல்கிறேன். சுட்ட இடத்து வடு சுருங்கி நுரையீரல் சிரையின் வாய் குறுகினால், அது வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே தெரியும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, விடாத இருமல், சளியில் இரத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். நிமோனியா என்று திரும்பத் திரும்ப மருந்து கொடுத்தும் குணமாகவில்லையென்றால் இதை நினைக்க வேண்டும். இரண்டு மூன்று கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுவதும், உப்புசமும் குமட்டலும், வயிற்றுக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் கிளைகளில் சூடு பட்டதால் வரலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்படுவது உறையவைக்கும் பலூன் முறையில்தான் அதிகம், அதுவும் பெரும்பாலும் மீண்டுவிடும். கண்முன் சில நிமிடங்கள் வளைந்து நெளிந்து மின்னும் கோடுகள் தோன்றுவது சிலருக்கு உண்டு. இரண்டு மேலறைகளுக்கும் இடையில் இட்ட துளை மூடும் வரை வரும் ஒற்றைத் தலைவலியின் முன்னோட்டம்போன்ற நிகழ்வு அது. என்றாலும் முதல் முறை வரும்போது அதைப் பக்கவாதம் என்றே எண்ணிக் காட்டிவிடுவதுதான் சரி.

உங்களைப்போலவே பயந்துபோன வேறொருவர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சொல். மின் துடிப்புகளால் திசுவைச் செயலிழக்கச் செய்யும் புதிய முறையில் 17,000 பேருக்கு மேல் செய்த சிகிச்சைகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த ஆய்வில் உணவுக்குழாய்த் துளை ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வலது பக்கத்தில் மட்டும் செய்யப்படும் அப்லேஷன்களில், எடுத்துக்காட்டாக இளவயதில் திடீரென்று வேகமாகத் துடித்து நிற்கும் வகைக்குச் செய்யும் பெரும்பாலானவற்றில், உணவுக்குழாய் அருகிலேயே இல்லை. அவர்கள் இந்தப் பயத்தை இரவல் வாங்கத் தேவையில்லை.

கடைசியாக ஸ்கேன். காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை, மனநிம்மதிக்காக ஒரு சி.டி. எடுத்துவிடலாம் என்கிறீர்கள். எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. துளையாவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் புண்ணை சி.டி. நம்பகமாகக் காட்டாது, இன்று இயல்பாக இருக்கிறது என்று வரும் முடிவு அடுத்த வாரத்துக்குப் பொறுப்பேற்காது, ஆகையால் அடுத்த வாரம் இன்னொன்று எடுக்கத் தோன்றும். எண்டோஸ்கோப்பியை எடுத்துக்கொண்டால், சில மையங்கள் ஆய்வுக்காகவோ தம் வழக்கமாகவோ அப்லேஷன் முடிந்த ஓரிரு நாட்களில் செய்து பார்ப்பதுண்டு. 17ஆம் நாளில், துளை உருவாகக்கூடிய காலத்தின் நடுவில், மனநிம்மதிக்காக அதைச் செய்வது முற்றிலும் தவறான யோசனை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள், வெப்பத்தை எழுதி வையுங்கள், துடிப்பு ஓடிய நேரங்களையும் அதே தாளில் குறியுங்கள். எட்டாவது வாரப் பரிசோதனைக்கு அந்தத் தாளையும் ஒரு புதிய ஈ.சி.ஜி.யையும் கொண்டு சென்றால், சிகிச்சை வென்றதா என்ற உங்கள் முதல் கேள்வியை அன்று உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். அப்போதுதான் அதற்குப் பதில் சொல்ல அவர் கையில் ஏதாவது இருக்கும்.